தாய்மாமன் சொல்ல வேண்டிய பெயர்

“ரைமுண்டா? முண்டு, துண்டுன்னு பேரு வெக்க நான் என்ன ஜவுளிக்கடையா வெச்சிருக்கேன்?”

தெய்வசிகாமணி போட்ட சத்தத்தில் உப்பளத்திலிருந்த தங்கை வீட்டுக் கூடம் அதிர்ந்தது.

அங்கே இருந்தவர்கள் பெரியவர்கள் நால்வர், கைக்குழந்தை ஒன்று. கிழக்கே பார்த்துப் போட்ட மணையில், அரியாங்குப்பத்திலிருந்து சீர்வரிசையோடு வந்திருந்த தாய்மாமன் தெய்வசிகாமணி. அவன் மடியில் குழந்தை. அவனுக்கு வலப்பக்கம் பாயில், குழந்தையைப் பெற்றவளும் அவன் தங்கையுமான செந்தமிழ்ச்செல்வி. ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் கணவன் நிலவன். சமையலறை வாசற்படியை ஒட்டி, சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு அண்ணன் தங்கை இருவரின் அம்மா அஞ்சலாட்சி.

தாய்மாமன் குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னால்தான் அந்தக் குடும்பத்தில் அது பெயர். அவனோ சொல்ல மாட்டேன் என்று நின்றான்.

“ஏம்மா, உன் பேரு செந்தமிழ்ச்செல்வி. உன் புள்ளைக்கு ஜெர்மன்காரன் பேரா? அப்பா இருந்திருந்தா உன்னை வாசல்லயே நிக்க வெச்சிருப்பாரு.”

“அர்த்தத்தக் கேளுண்ணா. அந்தக் காலத்து ஜெர்மன் பாசையில முதல் பாதின்னா நல்ல யோசனை. ரெண்டாவது பாதி, காப்பாத்துற கை.”

“காப்பாத்துற கைக்குத் தமிழ்ல பேரே கெடைக்கலியா?”

நிலவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். “மச்சான், இது நம்மூருக்குப் புதுசு இல்ல. பக்கத்துத் தெருவுல பிரெஞ்சு பட்டாளத்துப் பென்சன் வாங்குறாரே சொல்தா ரெய்மோன், அதே பேருதான் இது. ஸ்பெயின் போனா ரமோன். இத்தாலியில ரைமோந்தோ.”

“ஊருக்கு ஒரு சட்டை மாத்திக்கிற பேரு. எங்கயும் நெலையா நிக்கல பாருங்க மாப்ள!”

“எந்த ஊருக்குப் போனாலும் பொழச்சிக்கிது. அத்தப் பாருண்ணா,” என்றாள் செல்வி.

தெய்வசிகாமணிக்கு வேறு சந்தேகம் வந்தது. “மாப்ள, ஜெர்மனிக்கு வேலைக்குக் கெளம்புறீங்களா? விசா குடுக்குறவன் பேரா இது? மறைக்காம சொல்லுங்க. யாரு அந்த ரைமுண்ட்?”

அஞ்சலாட்சி கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேரு வெச்சி முடியட்டும், சொல்றேன்,” என்றாள் செல்வி. “நல்ல காரியத்துல வாயில வரக்கூடாத பேச்சு சிலது இருக்குன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்கு.”

“காரணம் சொல்லாத பேரு என் வாயில வராது. வேற ஆளப் பாத்துக்குங்க.”

எழுந்து, குழந்தையை அவளிடம் நீட்டினான். செல்வி வாங்கவில்லை. இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“வேற ஆளு கெடையாது. நீ சொல்லலன்னா என் புள்ள பேரில்லாமயே வளருவான். பள்ளிக்கூடத்துல கேட்டா, எங்க மாமன் இன்னும் சொல்லலன்னு சொல்லட்டும்.”

சிரிக்கத்தான் சொன்னாள்; பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. தங்கை இப்படி அடம்பிடித்து அவன் பார்த்ததில்லை.

“நல்ல நேரம் போவுதுடா,” என்றாள் அஞ்சலாட்சி.

அவன் மறுபடி மணையில் உட்கார்ந்தான். “சொல்றேன். ஆனா மனசு ஒத்துக்கல, ஆமா.”

குனிந்து, குழந்தையின் வலது காதில் ஏதோ மருந்தை விழுங்குகிறவன்போல் சொன்னான். “ரைமுண்ட். ரைமுண்ட்.” மூன்றாவது முறை சொல்வதற்குள் குழந்தை அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. “டேய், வுட்றா… ரைமுண்டு!”

எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலாட்சி குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தடவினாள்.

“ஆச்சில்ல? இப்ப சொல்லு. யாரு அவன்?”

செல்வி பாயில் முழங்காலிட்டு, அண்ணன் காதருகே குனிந்து மெல்லச் சொன்னாள். சொல்லி முடிக்கச் சற்று நேரமாயிற்று.

தெய்வசிகாமணி குழந்தையை அணைத்திருந்த தன் கையில் புடைத்திருந்த நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “வெள்ளைத் தாள் இருக்கா மாப்ள?” என்று கேட்டான்.

“போன்லயே பேசலாமே மச்சான்?”

“இல்ல. என் கையால எழுதணும்.”

சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் தமிழிலேயே எழுதினான். செல்வி அடியில் இங்கிலீஷில் எழுதிச் சேர்த்தாள்.

மறுநாள் தபால் நிலையக் கவுன்ட்டரில் அந்த உறையை எடைபோட்ட பெண், “ஜெர்மனிக்கா? சொந்தக்காரங்களா?” என்று சும்மா கேட்டாள்.

“எங்கண்ணன்மா,” என்றான் தெய்வசிகாமணி, உறையின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டியபடி. “ரெண்டு வருசம் முன்னாடி ரத்தப் புத்துநோயில நான் போயிருக்க வேண்டியவன். கூடப்பொறந்த தங்கச்சியோட ஸ்டெம் செல்லே பொருந்தல. நான் யாருன்னே தெரியாம இவருதான் எனக்கு ரத்தம் ஊற அத்தக் குடுத்தாரு. ரெண்டு வருசம் ஆனாத்தான் குடுத்தவரு பேரையே சொல்வாங்களாம், தங்கச்சிதான் ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கியிருக்கு. என் ஒடம்புல ஓடுறது இவரு ரத்தம், அப்ப எங்க வீட்டுப் புள்ளைக்குப் பெரிய தாய்மாமன் இவருதானே?”

அவள் முத்திரையை ஓங்கிக் குத்தி, கடிதத்தை வெளிநாட்டுப் பைக்குள் போட்டாள்.