பள்ளி வாசல் வேகத்தடை

“வேகத்தடையை எடுக்கச் சொல்றாங்க, அண்ணா! எதிர் காலேஜ் பிசிக்ஸ் மேடம் ரோடு ஆபீஸ்ல மனு குடுத்ததை நானே பார்த்தேன். லாரி ஏறி இறங்கினா அவங்க மெஷின் ஆடுதாம்.”

குழுவில் இருந்த ரேவதி சொன்னதும் போராட்டக் குழுத் தலைவர் குப்புராஜுக்கு ரத்தம் கொதித்தது.

அதியமான்கோட்டையில் பள்ளி வாசலுக்கு அந்த வேகத்தடை வர, அவர் நாலு முறை மறியல் செய்தார். லத்தியடி வாங்கினார். இரண்டு வழக்கு இன்னும் நடக்கிறது. கல் லாரிகள் இப்போதுதான் அங்கே தவழ்ந்து போகின்றன.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கு எதிரே இருந்த கல்லூரிக்குள் நேராகப் போனார். மைக்ராஸ்கோப் அறையில் பேராசிரியை கவிப்பிரியா இருந்தார். அவருடைய மகள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“லாரி ஏறி இறங்கினா உங்க மெஷின் ஆடுதாமே?”

“ஆமாங்க. ஒரு தலைமுடியை லட்சமாப் பிளந்தா ஒரு இழை எவ்வளவு இருக்கும்? அவ்வளவு சின்னதை ஊசியால தடவிப் படம் எடுக்கறோம். இதைப் பாருங்களேன், அத்தனையும் அணு!” அவர் முகம் மலர்ந்தது. “லாரி டம்முனு இறங்கினா படம் போச்சு. அதான் லாரி ஓடாத நாளா வர்றேன்.”

“உங்க படத்துக்காக எங்க புள்ளைங்க சாகணுமா? உங்க பொண்ணும் அங்கதானே படிக்குது? நீங்கல்லாம் பெத்தவங்களா?”

மகள் எழுதுவதை நிறுத்தினாள்.

“எடுக்கச் சொல்லலீங்க. அது மேல வெள்ளைக்கோடு அழிஞ்சிருக்கு, பெயிண்ட் அடிங்கன்னுதான் எழுதிக் குடுத்தேன்.”

குப்புராஜ் நம்பவில்லை. படித்தவர்கள் மழுப்புவதை அவர் நாற்பது வருடமாகப் பார்க்கிறார். மறுநாள் காலையில் ரோடு ஆபீஸில் போய் நின்றார்.

“ஃபைலை எடுங்க, சார்.”

என்ஜினியர் எடுத்தார். மேலே இருந்தது பெயிண்ட் மனுதான். அதன் கீழே, வேகத்தடைக்கு முந்தைய தேதியிட்டு ஒரு தாள். அதில் ஒரு கோடு எகிறி எகிறி ஓடியது. ஒவ்வொரு எகிறலுக்குப் பக்கத்திலும் நேரம். அடியில் கவிப்பிரியாவின் கையெழுத்து.

“இது என்னங்க?”

“அவங்க மெஷின் ஆடின பதிவு. ஒரு எகிறலுக்கு ஒரு லாரி. பள்ளி விடற ஒரு மணி நேரத்துல எழுபத்திரண்டு லாரி. உங்க மனுவுல ‘ஏராளமான லாரி’ன்னு இருந்துச்சு. மேலிடத்துல எத்தனைன்னு கேட்டாங்க. இதைப் பார்த்துத்தான் அனுமதி குடுத்தாங்க.”

குப்புராஜ் தாளில் இருந்த நேரங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். என்ஜினியர் தொடர்ந்தார்.

“வேகத்தடை வந்தா மெஷின் இன்னும் அதிகமா ஆடுமேன்னு நானே கேட்டேன். ‘தெரியுங்க. என் ஞாயித்துக்கிழமை போகும், அவ்வளவுதானே? போடுங்க’ன்னாங்க.”

“இதை ஒரு ஜெராக்ஸ் குடுங்க, சார்.” குப்புராஜ் தாளை நீட்டினார். “நன்றி சொல்லி ஊர் பூரா நோட்டீஸ் ஒட்டறேன்.”

“அது மட்டும் வேணாங்க. தன் பேரு வெளிய தெரியக் கூடாதுன்னாங்க. ‘அடி வாங்கினவங்க அவங்க. அவங்க போராடி ஜெயிச்சதாவே இருக்கட்டும்’னு சொல்லிட்டுப் போனாங்க.”