தொட்டி மட்டும்

“படம் வரையிறியா, ஆம்லெட் போடுறியா?”

முட்டை மஞ்சள் கருவில் சாயம் குழைத்துக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்துப் பட்டறை முதலாளி சிரித்தார்.

“இதுல குழைச்சாதான் கோடு மெல்லிசா விழும், மாமா.”

“எப்படியோ செய். படத்துல நம்ம பட்டறையோட புது எஃகுத் தொட்டி மட்டும் இருக்கணும். ஆளுங்க யாரும் வேண்டாம். முக்கியமா, என் மக!”

அந்தத் தொட்டியை வெல்டிங் செய்து உருவாக்கியவளே அவர் மகள்தான். கூலி உயர்வு கேட்டவர்களோடு சேர்ந்து நின்றாள் என்று அவளை வீட்டைவிட்டே விரட்டியிருந்தார்.

“சரி மாமா. தொட்டியை மட்டும் வரையிறேன்.”

பட்டறை விழாவில் விருந்தினர் முன்னால் படத்தின் திரை விலகியது. தொட்டிதான், பக்கத்தில் ஓர் ஆள்கூட இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி பெருமையோடு கிட்டே போனார்.

படத்திலிருந்த தொட்டியின் பளபளத்த வயிற்றில், எதிரே நிற்பவரின் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல வரையப்பட்டிருந்தது. வெல்டிங் முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஆளே வேண்டாம்னு சொன்னேனே!”

“ஆளை வரையல மாமா. தொட்டியில எனக்குத் தெரிஞ்சதை வரைஞ்சேன்.”

“உடனே துடை!” பல்லைக் கடித்தார்.

“போகாது மாமா. காய்ஞ்ச முட்டை. ஒரு நாளாவது நீங்க சாப்பிட்ட தட்டைக் கழுவியிருந்தா தெரிஞ்சிருக்கும்.”