சிவப்பு விளக்கு அணையும்வரை

ஜூன் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. வெளியே இடியும் மழையுமாக இருக்கிறது. ஒலிப்பதிவு அறைக்குள் ஒரு பொட்டுச் சத்தமும் நுழையவில்லை. பேய்ப்படம் ஒன்றுக்காக எலும்பு முறியும் ஓசையைப் பதிவு செய்கிறார்கள். கண்ணாடிக்கு இப்பால் ஒலிப்பதிவாளர் ஹெட்போனுடன் அமர்ந்திருக்கிறார். அப்பால் அவருடைய மைத்துனன், காய்ந்த சுள்ளிகள் செருகிய முட்டைக்கோசுகளைச் சுத்தியலால் பிளக்கிறான். சாறு சுவரெங்கும் தெறித்து வழிகிறது. “கழுத்தைத் திருகுற பேய்தான் மாமா பேய்! மத்ததெல்லாம் சும்மா.” “போடா. அது வந்தா எல்லாரும் கத்துவாங்க, கத்துனா பாதிப் பயம் போயிடும். வாயத் தொறந்துக்கிட்டு சத்தமே போடாம நிக்கும் பாரு, அதுதான்டா பேய்.” “ஊமைப் பேயா? அக்கா திட்டுறப்ப நீங்க நிப்பீங்களே, அந்த மாதிரியா?” சிரிப்பு அடங்குமுன் சிவப்பு விளக்கு எரிகிறது. அது அணையும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது தொழிலின் விதி. சுத்தியல் இறங்குகிறது. ஈரமாக, ஆழமாக ஓர் எலும்பு முறிகிறது. இருபது ஆண்டுகளில் இத்தனை துல்லியமான ஓசையைக் கேட்டிராத அவர் பூரிப்புடன் நிமிர்கிறார். மைத்துனனின் கட்டைவிரல் சுத்தியலுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறது. வெளிறிய கோசு சிவந்துகொண்டே வருகிறது. அவன் வாய் கிழியத் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. கண்கள் மட்டும் விளக்கை வெறித்தபடி கெஞ்சுகின்றன. அவர் பாய்ந்து விளக்கின் பொத்தானை அழுத்துகிறார். விளக்கு அணைந்து, அலறல் வெடித்து, அதைக் கேட்டு அவருக்கு மூச்சு திரும்பும்போது முற்பகல் மணி பதினொன்று நாற்பத்திரண்டு.