கூவாத கௌதாரி

ஞாயிறுதோறும் பொழுதுபோகாமல் வேட்டைக்குப் போகிற சடையப்பர், பழக்கின கௌதாரியைக் கூண்டோடு புதரருகே வைத்துச் சுற்றிலும் கண்ணி விரிப்பார். தனிமை தாளாமல் அது கூவும். துணைக்கு வருகிற கௌதாரிகள் கண்ணியில் மாட்டும்.

தன் குரல்தான் எமன் என்று உறைக்க அதற்கு ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஞாயிறு அது வாயே திறக்கவில்லை. சடையப்பர் கூண்டைத் தட்டினார், சீட்டியடித்துப் பார்த்தார். ம்ஹூம்.

வெயில் ஏறியதும் கண்ணியைச் சுருட்ட எழுந்தார். அப்போது புதர் விலகியது. கௌதாரியின் தங்கை ஓடி வந்தாள்.

"வராதே தாயி, போயிடு!" என்று அண்ணன் அலறியது. அதற்குள் அவள் காலில் கண்ணி இறுகிவிட்டது.

"கண்ணிக்குப் பயந்து, வாராவாரம் தூரத்திலிருந்தே உன் குரலைக் கேட்டுட்டுப் போயிடுவேன் அண்ணே. இன்னைக்குச் சத்தத்தையே காணோம். உனக்கு என்னமோ ஏதோன்னுதான் ஓடி வந்தேன்" என்றாள்.