காயும் வரை

மழலையர் பள்ளி காலியாகிவிட்டது. வாரக் கடைசி என்பதால் டீச்சர் பொம்மைகளைக் குளிப்பாட்டி ஜன்னலில் வரிசையாகச் சாய்த்து வைக்கிறாள். மூன்றும் வெள்ளைப் பொம்மைகள். பிள்ளைகள் கொஞ்சிக் கொஞ்சியே ஒன்றின் மூக்கைத் தேய்த்து, இன்னொன்றின் தலையை மொட்டையாக்கிவிட்டார்கள். அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் அறை முழுக்கக் கேட்கிறது. நான்காவது பொம்மை கறுப்பு. எல்லா நிறமும் இருக்கட்டும் என்று டீச்சரே கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்தது. பள்ளி திறந்த நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறது. கவுனில் கடைக்காரன் போட்ட மடிப்புகூடக் கலையவில்லை. அதைக் கழுவும் வேலையே இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்கிறார்கள். குஞ்சு என்ன நினைக்கிறது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அப்பா வரக் காத்திருக்கும் சின்னவள் ஒருத்தி மட்டும் பாயில் இருக்கிறாள். அவளும் டீச்சரைப் போலவே நல்ல கறுப்பு. “இந்தா கண்ணு, இந்தப் பாப்பாவ வச்சு விளையாடு” என்று டீச்சர் நீட்டுகிறாள். சின்னவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். “வேணாம் டீச்சர். வெள்ளப் பாப்பா காயட்டும்.” “அது காய ரொம்ப நேரம் ஆகுமேடா.” “பரவால்ல, நான் இருக்கேன்.” ஜன்னலடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறாள். கன்னத்தில் ஒரு சொட்டு விழுகிறது, துடைத்துக்கொள்ளவில்லை. வெயில் சுவரை விட்டு இறங்குகிறது. டீச்சர் கறுப்புப் பொம்மையை மடியில் போட்டு மெல்லத் தட்டிக்கொடுக்கிறாள். அந்தக் கவுனின் மடிப்பை முதன்முதலாகக் கலைப்பது அவள் கைதான்.