வீட்டுச் சத்தம்

அவருக்கு ஒரு கையில் டீ. இன்னொரு கை கீர்த்தியின் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்திருந்தது.

"க்கு... அ... ப்பு. கப்பு! நடுங்குதா பாப்பா?"

"நடுங்குது, நடுங்குது" என்று ஐந்து வயதுக்காரி சிரித்தாள்.

பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு, ஆங்கில எழுத்துகளின் பெயரைச் சொல்லாமல் அதனதன் சத்தத்தைச் சொல்லிப் பழக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கூட்டத்துக்கு என் கணவர் ஜெபகுமார்தான் போனார். அன்றிலிருந்து, சாகண் போகும் கம்பெனி பஸ் வரும்வரை, தினமும் காலையில் அரை மணி நேரம் அவருடைய வகுப்பு.

தொண்டையில் கை வைத்தால் எந்தச் சத்தம் நடுங்குகிறது, எது நடுங்கவில்லை என்று தெரியும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். இவருக்கு எல்லாமே நடுங்கியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னால் நம் ஊர் 'உ' ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். வார்த்தை முடியும் இடத்தில் அதை இழுத்துக் குரலைத் தூக்குவார்.

"எல்லாத்துக்கும் வால் ஒட்டி அனுப்புங்க. ஸ்கூல்ல அறுத்து விடப்போறாங்க" என்றேன்.

"வால் இருந்தாத்தான் ஜோசி டீச்சர் பிடிச்சு இழுக்க முடியும்."

டீயை முடிக்காமல் படி இறங்கி ஓடினார்.

பதினொன்றரை மணிக்கு, கம்பெனி கேன்டீன் வரிசையில் நின்றபடியே சரிந்துவிட்டார் என்று போன் வந்தது. நெஞ்சுவலி. முப்பத்தாறு வயது.

கீர்த்தி ஒரு மாதம் புத்தகத்தைத் தொடவில்லை.

பிறகு வாசித்தாள். டீச்சர் என்னை வரச் சொன்னார். மராத்திக்காரர், நல்ல மனுஷி. குழந்தையின் சத்தங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை, நடுவில் ஏதோ தடுக்கிறது, மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றார். தீபாவளிக்குள் சரி செய்யாவிட்டால் பின்தங்கிவிடுவாள் என்றும் சொன்னார். என் கையை எடுத்து என் தொண்டையிலேயே வைத்து, க், ப் இரண்டுக்கும் மூச்சு மட்டும்தான், இங்கே எதுவும் அசையக்கூடாது என்று காட்டினார்.

எனக்கு அது தெரியும். நான் பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். என் கணவரின் அந்த அரை மணி நேரத்தில் குறுக்கே போகக் கூடாது என்றுதான் சும்மா இருந்தேன்.

அன்று சாயங்காலம் அவளைத் தரையில் எதிரே உட்கார்த்தி வைத்து, "ப்" என்றேன். வெறும் மூச்சு.

கீர்த்தி என் தொண்டையில் கை வைத்தாள். காத்திருந்தாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். விரல்களைக் கொஞ்சம் மேலே நகர்த்திப் பார்த்தாள்.

"உனக்கு ஒண்ணுமே நடுங்கலையேம்மா."

"நடுங்கக் கூடாது குட்டி."

கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்போ அப்பா சொன்னது தப்பா?"

கீழே சந்தில் காய்கறி வண்டிக்காரர் ஹிந்தியில் கூவிக்கொண்டு போனார். எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

"தப்பு இல்ல. அது வீட்டுக்கு. இது ஸ்கூலுக்கு."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. இந்த மராத்தி ஊரில், போபோடியில் பிறந்த பிள்ளை. படி இறங்கினால் ஹிந்தி, பள்ளிக்குப் போனால் இங்கிலீஷ், டீச்சர் கோபப்பட்டால் மராத்தி, வீட்டு வாசலுக்கு உள்ளே தமிழ் என்று மூன்று வயதிலேயே பழகியவள். சத்தத்திலும் அப்படி இரண்டு இருக்கும் என்பது அவளுக்கு ஆச்சரியமாகவே இல்லை.

நான் சொன்னது பொய். ஒரு வாரத்தில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

பத்தே நாளில் திருந்திவிட்டாள். தீபாவளி விடுமுறைக்கு முந்தின நாள் டீச்சர் ஒரு முழுப் பக்கத்தை வாசிக்கச் சொல்லி, நோட்டில் நட்சத்திரம் ஒட்டினார். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் நான் போட்டேன்.

வீட்டுக்கு மெதுவாக நடந்து வந்தோம். வழியெல்லாம் கடைப் பலகைகள். எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. சுத்தமாக வாசித்துவிடுவாளோ என்று பயம்.

இப்போது கீர்த்தி மூன்றாம் வகுப்பு. தடிமனான இங்கிலீஷ் கதைப் புத்தகமெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாள். மனதுக்குள்ளேயே வாசிக்கிறாள். பக்கம் புரளும், அவ்வளவுதான். பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உதடுகூட அசைவதில்லை. சத்தமாகப் படியேன் என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் என்ன பேபியாம்மா?" என்றாள்.

போன ஞாயிறு, கோயிலுக்குப் போய் வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து கேட்டது.

"க்கு... அ... ப்பு."

குழாயை மூடினேன்.

கை ஈரத்தோடு கதவருகே போய் நின்றேன். கட்டில்மேல் கீர்த்தி. எதிரில் என் இரண்டாவது மகள் அமலா. அக்காவின் தொண்டையில் கை வைத்துக்கொண்டு வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ப்" என்றாள் சின்னவள்.

"அப்படி இல்ல, லூசு. நல்லா நடுங்கணும்."

"ப்பு."

"ம். இப்போ சேர்த்துச் சொல்லு."

வருகிற ஜூனில் இவளையும் அதே பள்ளியில்தான் சேர்க்கப் போகிறேன். உள்ளே போய்த் திருத்தியிருக்க வேண்டும். போகவில்லை.

"கப்பு!" என்றாள் அமலா. கடைசி எழுத்தில் கொஞ்சம் இழுத்து, முடியும் இடத்தில் குரலைத் தூக்கி.

அமலா, அவர் போய் ஐந்து மாதம் கழித்துப் பிறந்தவள்.