கடல் பார்க்கப் போறோம்

"அம்மா, பஸ்ஸுல ஜன்னல் பக்கம் தம்பிக்குத்தான். இப்பவே சொல்லிப்புட்டேன். பெறகு அப்பா போயி அங்க ஒக்காந்துக்கக் கூடாது."

மாவு பிசைந்துகொண்டிருந்த நல்லம்மா தலை நிமிரவில்லை. நாளைக்கு எல்லோரும் நீர்கொழும்புக்குப் போய்க் கடல் பார்க்கப் போகிறோம் என்று கணவன் நாகமுத்து சொன்னதிலிருந்து, அந்தத் தோட்டத்து லயத்தின் ஒற்றையறைக் காம்பிராவுக்குள் மகள் கமலாட்சியின் ஆட்சிதான். பதினோரு வயது. மாத்தளைத் தேர்த்திருவிழாவைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. ஆனால் கண்டக்டர் தோற்றுப்போகும்படி வழி சொன்னாள்.

"குருநாகல்ல எறங்கி வேற பஸ் ஏறணும். அங்கதான் தம்பிக்கு வாந்தி வரும். மோந்து பாக்க ஒரு தேசிக்காய் எடுத்துக்கம்மா."

"போகத்தான் வேணுமா? பிள்ளைக்கு இருமலா இருக்கு."

"இருமல் நேத்தே போயிருச்சு."

"மழை வரும்போல இருக்கு."

"கடல்ல மழை பேஞ்சா என்னம்மா? அங்க ஏற்கெனவே தண்ணிதானே!"

நாலு வயது நடராஜா கைகொட்டிச் சிரித்தான். "அக்கா, கடல் நம்ம தோட்டத்து ஆத்தவிடப் பெருசா?"

"ஆமா. அக்கரையே தெரியாது."

அது எழுபத்து நாலாம் வருஷம். தோட்டத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை கிடைத்தால் பெரிய விஷயம். கூப்பனுக்குக் கிடைக்கும் ரேஷன் மாவும் குறைந்துபோய், மரவள்ளி இலையை அவித்துத் தின்று நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 'கஞ்சிக்கே வழியக் காணோம், இவங்களுக்குக் கடல் கேக்குதாக்கும்' என்று பக்கத்துக் காம்பிராவில் பேசிக்கொண்டது நல்லம்மாவின் காதிலும் விழுந்தது. விழட்டும் என்றுதான் பேசினார்கள்.

நாகமுத்து வேலையிலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தான்.

"ஏங்க, வேணாங்க," என்றாள் நல்லம்மா. "இந்தப் பயணத்த விட்ருவோம். இருக்கிற மாவ நாலு பேரும் பங்குபோட்டுத் தின்னுக்கலாம்."

"கணக்கப்பிள்ளை ஐயாகிட்ட சரின்னு சொல்லியாச்சு. இனி என்ன மொகத்தோட மாட்டேன்னு போயி நிக்கிறது?"

"எனக்கு மனசு வரலைங்க."

"எனக்கு மட்டும் வருதா?" என்று எரிந்து விழுந்தான்.

கமலாட்சி ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். "சண்டை போடாதீங்க. போவோம்மா. தம்பிக்குக் கடல் காட்டுறேன்னு சொல்லிட்டேன். இனிமே ஏமாத்தக் கூடாது."

இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு ஆசையா என்று நினைத்ததும் நல்லம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. மகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு இன்னும் ஏற்பாடுகள் பாக்கி இருந்தன.

"கரைக்குப் போனதும் நீங்க ரெண்டு பேரும் தம்பியோட ஆளுக்கொரு கையப் புடிச்சுக்கங்க. கால மட்டும் நனைங்க. அலை இழுத்துப்புடும்."

"நீ புடிக்க மாட்டியாக்கா?" என்றான் நடராஜா.

"நான் பின்னுக்கு நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன்."

விடிவதற்கு முன்பே நல்லம்மா மகளை எழுப்பி முன்னால் உட்கார வைத்தாள். நடராஜா நல்ல தூக்கத்தில் இருந்தான். மகளின் இடுப்பு வரைக்கும் தொங்கிய கூந்தலில் எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்தாள். எவ்வளவு மெதுவாகச் சீவ முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சீவினாள்.

பின்னத் தொடங்கியபோது கமலாட்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாய்க்கு அடியிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

"பின்ன வேணாம்மா. ஒட்ட வெட்டி விட்ரு."

"என்னடி சொல்ற?"

"மேல் லயத்துப் பவளத்த வீட்டு வேலைக்குக் கொண்டுபோயி விட்டப்ப, அவங்க அம்மா வாசல்ல நிக்கையிலயே அந்த வீட்டுக்கார நோனா அவ முடிய வெட்டிட்டாங்களாம். என்னையும் இன்னைக்கு கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன நீர்கொழும்பு நோனா வீட்டுல விட்டுட்டுத்தானே வரப்போறீங்க? எனக்குத் தெரியும்மா. அங்க வச்சு வெட்டினா தம்பி அழுவான்... பெறகு அவன் கடலையே பாக்க மாட்டான்."